நிழல் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லவேண்டிய நன்றியை மடலாக எழுதுகிறேன். சோம்பல் காரணமல்ல, திருச்சியின் மே மாதம்தான் காரணம். கத்திரி வெயிலில் நான்கு தெரு நடந்தால் என் இடது கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

சென்ற ஜூலையில் முதல் இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இடது கண்ணை அசைத்தால் வலித்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், நான் போட்ட சிவப்பு மதிப்பெண்கள் பலமுறை துவைத்த சேலையின் கரைபோல வெளுத்துத் தெரிந்தன. வலது கண்ணுக்கு அதே எண்கள் பளிச்சென்ற சிவப்பு. கண்ணாடிக் கடையில் பவர் மாறிவிட்டது என்றார்கள். புதுக் கண்ணாடியும் வாங்கிவிட்டேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, உயிரியல் ஆசிரியை தன் சிவப்புப் பேனா மூடியை என் ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணாடியைக் கழற்றி வையுங்கள் டீச்சர், இது கண் நரம்பு” என்றார். அன்று மாலையே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனவரும் அவர்தான். அவருக்கு முதல் நன்றி.

எம்.ஆர்.ஐ., முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தது எல்லாம் முடிந்து பெயர் வந்தது: மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். அரசு ஆவணங்களில் தண்டுவட மரப்பு நோய். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு மண்டலம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையையே தாக்குகிறது. ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு கிராம் ஸ்டீராய்டு சொட்டுசொட்டாக ஏறியது. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல ஒரு கசப்பு. கேட்காமலேயே புளிப்பு மிட்டாய் கொண்டுவந்து கையில் வைத்த இரவுநேரச் செவிலியரே, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மன்னியுங்கள்.

தீபாவளி விடியற்காலை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வழக்கம்போல எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டேன். ஐந்தாறு செம்பு ஊற்றியிருப்பேன். இடது கண்ணில் புகை மூடியது. எழுந்தால் இரண்டு கால்களும் ஈரத்துணிபோலத் துவண்டன. சீயக்காய் வழியும் தலையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, நோய் திரும்பிவிட்டது என்று அழுதேன். கணவர் அந்த நேரத்தில் மருத்துவரை எழுப்பினார். மருத்துவர் பதறவில்லை. “மின்விசிறிக்கு அடியில் படுக்க வையுங்கள், ஈரத்துண்டு போடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள்.” ஒரு மணி நேரத்தில் கண் தெளிந்தது, கால் வந்தது. வெளியே சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது விளக்கினார். உறை தேய்ந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடல் சூடு அரை டிகிரி ஏறினாலும் அதுவும் நின்றுவிடும். சூடு தணிந்தால் பழையபடி ஓடும். புதிய சேதம் எதுவும் இல்லை. வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் இதை எழுதிவைத்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஸ்கேன் வராத காலத்தில் சந்தேகப்படும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே சோதித்தார்களாம். நான் அந்தச் சோதனையை வீட்டிலேயே, அதுவும் நல்லெண்ணெயோடு, செய்து முடித்திருக்கிறேன். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் நோய் திரும்பியதாகக் கருதிக் கூப்பிடச் சொன்னார். அந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அதன் பிறகு வெயிலைக் கண்டு பயப்படவில்லை, ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஒதுங்குவதற்கு இடம் வேண்டுமே. தலைமையாசிரியை அவர்களே, எங்கள் சங்கத்து நண்பர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நகலோடு உங்கள் அறைக்கு வந்தார். அதிலுள்ள 21 குறைபாடுகளில் என் நோயும் ஒன்று என்று காட்டுவதற்காகத்தான். நீங்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கால அட்டவணையை மேசையில் விரித்து, பென்சிலால் என் ஒன்பதாம் வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கினீர்கள். ஆறாம் பாடவேளையை முதலாம் பாடவேளைக்கு மாற்றினீர்கள். மதியம் தகரக் கூரைக்கு அடியில் பாடம் எடுக்க ஒத்துக்கொண்ட இயற்பியல் ஆசிரியர் இதுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சூடு ஏறுகிறது என்பது அவர் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

இயன்முறை மருத்துவர் தம்பிக்கும் நன்றி. இந்த நோய்க்காரர்களை ஒரு காலத்தில் அசையாமல் ஓய்வெடுக்கச் சொல்வார்களாம். இன்று நடக்கச் சொல்கிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருபது நிமிடம், களைப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. ஆசிரியர்களுக்கு நிறுத்தத் தெரியாது என்பதால் முதல் இரண்டு வாரம் அவரே கைக்கடிகாரத்தோடு கூட வந்தார்.

இந்த நோய்க்கான மாத்திரையைச் சாப்பிட்ட அரைமணியில் மிளகாய் அரைத்த கையை முகத்தில் தேய்த்ததுபோல எரியும். வெறும் வயிற்றில் போடாதீர்கள், கொஞ்சம் கொழுப்புச் சேர்ந்த சாப்பாட்டோடு போடுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். அம்மா உடனே இட்லிப்பொடியில் நல்லெண்ணெயைக் குளமாக்கினார். எரிச்சல் பெரும்பாலும் அடங்கியது. வைட்டமின் டி அளவு மிகக் குறைவு என்று வந்த அறிக்கையைப் பார்த்து வீடே சிரித்தது: இத்தனை வெயில் அடிக்கும் ஊரில்! அதற்கு வாரம் ஒரு மாத்திரை, 60,000 யூனிட்.

இருபது வருடம் புகைத்த என் கணவர், புகை இந்த நோயை வேகமாக முற்றவைக்கும் என்று மருத்துவர் பொதுவாகச் சொன்ன அன்றே நிறுத்திவிட்டார். புகைத்தது நானல்லவே என்றேன். வீட்டுக்குள் வரும் புகைக்கு ஆள் தெரியுமா என்றார். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நோயெதிர்ப்புச் சக்தி பெருக அமுக்கரா லேகியம் அனுப்பிய உறவினர்களுக்கும் நன்றி, அன்புக்காக. லேகியம் திறக்கப்படவில்லை. என் எதிர்ப்புச் சக்திக்குக் குறைச்சலே இல்லை; அதை அடக்கத்தான் மாதாமாதம் பணம் கொடுத்து மருந்து வாங்குகிறேன். மருத்துவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

காந்தி மார்க்கெட்டில் என்னைக் கண்டதும் தன் முக்காலியைக் குடைக்குள் இழுத்துப்போடும் கீரைக்கார அம்மா இதைப் படிக்கமாட்டார். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

எதிர்வீட்டு அக்கா, தீபாவளியன்று ஈரத்துண்டுகளோடு ஓடிவந்தவர் நீங்கள். இரண்டு துண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. துவைத்து மடித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கழுத்திலும் ஒன்று பானைத் தண்ணீரிலுமாக மாறிமாறி ஓடிக்கொண்டிருப்பதால், ஆடிக்காற்று வீசும்வரை திருப்பிக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்