பசி என்மேல் இருக்கிறது

டப்ளின்,
ஆகஸ்ட் 17.

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, விவரமாகக் கடிதம் போடு, அதுவும் பிழையில்லாமல் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். ஒற்றுப்பிழை கண்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தபால் செலவு அதிகம்.

முதலில், மழை எப்படி, சாப்பாடு எப்படி என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில். மழை நம் ஊரில்போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. நாளெல்லாம் நசநசவென்று தூறுகிறது, குடையைக் காற்று மடக்கிவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் ஏதாவது ஒரு வேஷத்தில் தினமும் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. போன மாதம் நான் நர்ஸாக இருக்கும் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கானமாரா பக்கம், இன்னும் வீட்டில் ஐரிஷ் மொழி பேசுகிற ஊர். இரவு இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்து "தா ஒக்ரஸ் ஒரம்" என்றார். நான் புரியாமல் விழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார்: "பசி என்மேல் இருக்கிறது." டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் மனிதன்தான் எழுவாய், பசி அவனுடைய குணம். இவர்களுக்குப் பசி வெளியிலிருந்து வந்து மேலே உட்காருகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட அப்படித்தானே? பணம் இருக்கிறது என்று சொல்ல "தா அரிகத் அகம்". அகம் என்றால் 'என்னிடம்'! ஆங்கிலத்தின் 'have' போல உடைமையைச் சொல்லும் பொதுவான வினைச்சொல் இவர்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. ஐரிஷில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல்லும் இல்லை. வந்தாயா என்று கேட்டால் வந்தேன் என்பார்கள். உடனே குமரிக்கண்டத்தை அட்லாண்டிக் வரை இழுத்து வந்துவிடாதீர்கள். தற்செயல்தான். ஆனால் அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை, டியூட்டியும் முடியவில்லை.

தெருப் பலகையில் ஐரிஷ்தான் மேலே இருக்கும், டிராமிலும் நிறுத்தத்தின் பெயரை இரண்டு மொழியிலும் சொல்கிறார்கள். அரசியலமைப்பில் இதுதான் முதல் ஆட்சிமொழி. 2022 கணக்கெடுப்பில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் எங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர். பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "செத்தார்கள், இல்லாவிட்டால் கப்பலேறினார்கள்" என்றார்.

லீவு கிடைத்ததும் லிஃபி ஆற்றங்கரைக்குப் போனேன். கஸ்டம் ஹவுஸ் பக்கம், நடைபாதையிலேயே வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். பெரும் பஞ்சத்தின் நினைவாக ரோவன் கில்லெஸ்பி செய்த சிலைகள், 1997-இல் வைத்தார்கள். பீடம் கிடையாது, அதனால் நம் தோள் அவர்கள் தோளில் உரசுகிறது. எலும்பும் கந்தலுமாகக் கப்பலை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் தோளில் துவண்ட உடலொன்று கிடக்கிறது. ஒரு பெண்ணின் கையில் சின்ன மூட்டை. அதற்குள் என்ன இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஒரு நாயும் வருகிறது. அவர்கள் தாடையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது.

1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் நோய் பரவியது. ஏழைகளுக்கு வேறு உணவே இல்லை. ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்குக் குறையாமல் நாட்டைவிட்டுப் போனார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிக்குத்தான் அடி பலம். 1841-இல் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கும் மேல். இன்றைக்கு வடக்கையும் தெற்கையும் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை வரவில்லை. அத்தனை பேர் பட்டினி கிடந்தபோதும் துறைமுகத்திலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. இவர்கள் மொழியில் அந்தக் காலத்துக்குப் பெயர் 'பெரும்பசி'.

லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தைக் கவனித்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையின் போக்கில் கைவைக்கக் கூடாது, நடப்பதெல்லாம் தெய்வ சித்தம் என்று நம்பியவர். மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டில் இன்னும் அவர் பெயரைச் சொல்கிறார்கள், வாழ்த்துவதற்காக அல்ல. அப்பா, அதே ட்ரெவெல்யன் 1859-இல் நம் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தார்! சென்ட்ரல் பக்கம் ரிப்பன் கட்டடம் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் பூங்காவாக இருந்தது என்பீர்களே, அந்தப் பூங்காவை ஏற்படுத்தியவர் அவர்தான். ஒரு வருஷம்தான் இருந்தார். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் சென்னையில் இல்லை, ஆனால் அவரைப்போல யோசிக்கிறவர்கள் இருந்தார்கள். அப்போதும் நம் பக்கத்துத் தானியம் கப்பலேறியது. ஆச்சி தன் அம்மா சொன்னதாக அந்தக் கதையைச் சொல்லும்போது, தட்டில் ஒரு பருக்கையை மிச்சம் வைத்தாலும் திட்டுவாரே, அது ஞாபகம் வந்தது.

கில்மேனம் சிறையையும் பார்த்தேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சி தோற்ற பிறகு 14 பேரை அங்கே சுட்டுக் கொன்றார்கள். தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கானலி காயத்தால் நிற்க முடியாமல் இருந்தவர், அவரை நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள். கிளர்ச்சிக்காரர்களைக் கைதுசெய்து நடத்திப் போனபோது கேலி செய்த டப்ளின்காரர்களே பிறகு மனம் மாறியது அதனால்தானாம். எனக்கு அந்தச் சிறைக்கோயிலைத்தான் மறக்க முடியவில்லை. இன்னொரு தலைவரான ஜோசப் ப்ளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் மே 3 இரவு அங்கே கல்யாணம், விடிந்தால் மாப்பிள்ளைக்கு மரண தண்டனை. ஏழு வருஷம் கழித்து உள்நாட்டுப் போரில் கிரேஸையும் அதே சிறையில் அடைத்தார்கள். இந்த முறை அடைத்தது சுதந்திர அயர்லாந்து.

எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பாலங்களுக்கே அவர்கள் பெயர்தான். பெக்கெட் பாலம் யாழைப் படுக்கப்போட்டதுபோல இருக்கும். ஜாய்ஸின் 'யுலிசஸ்' வாங்கி நாற்பது பக்கத்தோடு மூடிவிட்டேன், கோபிக்காதீர்கள். டப்ளினின் ஒரே ஒரு நாளை அத்தனை பக்கம் எழுதிய அந்த மனிதர் அதை வெளிநாட்டில் உட்கார்ந்தே எழுதினார் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. கதாநாயகன் எலுமிச்சை சோப்பு வாங்கும் ஸ்வெனி மருந்துக்கடை இன்றும் இருக்கிறது. மருந்து விற்பதில்லை, சோப்பு விற்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அடுத்த பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். சவிதா ஹலப்பனவாரை உங்களுக்கு ஞாபகமிருக்கும், கர்நாடகப் பெண், பல் டாக்டர். 2012-இல் இங்கே ஒரு மருத்துவமனையில் கருச்சிதைவு ஏற்பட்டபோது, சிசுவின் இதயத் துடிப்பு இருந்ததால் கருவைக் கலைக்க மறுத்தார்கள். நச்சுத்தொற்றில் இறந்துபோனார். நர்ஸாக இதை எழுதும்போதே கை கனக்கிறது. 2018-இல் பொதுவாக்கெடுப்பு நடந்து, ஏறக்குறைய மூவரில் இருவர் கருக்கலைப்புக்கு அரசியலமைப்பில் இருந்த தடையை நீக்க வாக்களித்தார்கள். அன்று போர்ட்டோபெல்லோவில் சுவரில் வரைந்திருந்த அவர் முகத்தைச் சுற்றி ஜனங்கள் துண்டுக் காகிதங்களாக ஒட்டினார்களாம், பலவற்றில் மன்னிப்புத்தான். ஐரிஷில் மன்னிப்புக் கேட்க "தா ப்ரோன் ஒரம்" என்பார்கள். துயரம் என்மேல் இருக்கிறது.

கடைசியாக, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய நம் கால்டுவெல். ஆன்ட்ரிம் பக்கம் கிளேடி என்ற சிற்றூரில் 1814-இல் பிறந்து, நம் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர் ஊரில் ஒரு பிடி மண் எடுத்து வா என்றீர்கள். பஸ்ஸில் சில மணி நேரம்தான். ஆனால் அது வடக்கு அயர்லாந்து, பிரிட்டன் விசா வேண்டும். எல்லையில் கோடுகூட இல்லை, யாரும் கேட்பதில்லை, போய் வா என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறேன், வந்தால் அக்டோபரில் போவேன். மண் எடுத்துவர அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். கல் என்றால் பரவாயில்லையா?

உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ அனுப்புங்கள். பாட்டி வீடு திரும்பிவிட்டார், அவருக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

அன்பு மகள்,
செல்வி