காப்பர்-டி: தடுப்பூசி நாளில் தாயையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரசவம் ஆனதும் கருத்தடைக்காகக் கருப்பைக்குள் போடும் காப்பர்-டி பற்றி அடிக்கடி காதில் விழும் புகார்கள் இரண்டு. கேட்காமலே போட்டுவிட்டார்கள், போட்டபின் என்ன செய்வதென்று சொல்லவில்லை.

வலியில் துடிப்பவரிடம் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே கிராம சுகாதார செவிலியர் காப்பர்-டியைக் கையில் கொடுத்துக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, தாய் சேய் அட்டையில் குறித்துவிடலாம். பிறகு மனம் மாறினால் அதுவும் அவர் உரிமை. கணவர் கையெழுத்து தேவையே இல்லை.

நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள், தவறினால் 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் தாண்டினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, கருப்பையில் தொற்று இருந்தாலோ, உதிரப்போக்கு அடங்காவிட்டாலோ, சம்மதம் இருந்தாலும் போடக்கூடாது.

சாதாரண நாளில் போடுவதைவிட, பிரசவம் ஆனதும் போடுவது நழுவி விழும் வாய்ப்பு அதிகம். கருப்பையின் உச்சியில் வைக்க வேண்டியது பாதியில் நின்றுவிடுவது முக்கியக் காரணம். காப்பர்-டியைப் பிடித்து உள்ளே வைக்கும் குட்டைக் கவ்வி (ஃபோர்செப்ஸ்) உச்சிவரை எட்டாது. நீண்டு வளைந்த கவ்வி வேண்டும். வைத்தபின் கவ்வியைச் சற்றே திறந்து, பக்கவாட்டில் ஒதுக்கி, மெதுவாக எடுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் காப்பர்-டியும் கூடவே வரும்.

அடுத்தது காப்பர்-டியின் அடியில் தொங்கும் நூல். பிரசவித்த கருப்பை பெரிதாக இருப்பதால் நூல் உள்ளேயே கிடக்கும். ஆறு வாரத்தில் கருப்பை சுருங்கச் சுருங்கக் கீழே இறங்கும். அப்போதுதான் கருப்பை வாய்க்கு வெளியே 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் முனை கணவருக்குக் குத்தும். நூல் தென்படவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். ஸ்கேனிலும் காணோம் என்றால் வயிற்று எக்ஸ்ரே. (இதயத்துக்கு ஏறிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை.)

தவறிப்போவது இந்த ஆறாம் வாரப் பரிசோதனைதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து தொலைவில் இருப்பார். ஆனால் அதே ஆறாம் வாரத்தில் குழந்தைக்கு ஐந்து நோய்த் தடுப்பூசி போட எந்த ஊரானாலும் வந்தே தீர்வார். அன்றைக்கே தாயையும் பரிசோதித்தால் இன்னொரு நடை மிச்சம். முதல் 3-6 மாதங்களில் மாதவிடாய் அதிகமாகலாம் என்பதையும் அன்றே சொல்லி, ரத்தச்சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம். அதற்கு மேலும் ஒத்துவராமல் எடுக்கச் சொன்னால், தட்டிக்கழிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

380ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு வேலை செய்யும். எந்த வகை, எந்தத் தேதியில் போட்டது என்று அட்டையில் எழுதாவிட்டால், எடுக்க வேண்டிய ஆண்டு போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

மகப்பேறு பிரிவுச் செவிலியர்கள்