விலைவாசிச் செய்தியோடு விலைப்பட்டியலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பணவீக்கம் தணிந்தது என்ற செய்தி வெளியாகும் நாள்களில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் மூத்த பெண்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்பார்கள். "தணிந்தது என்கிறார்களே, எந்தக் கடையில் தணிந்தது?" நான் கணக்கு எழுதும் பழக்கமுள்ளவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையும், அதிலிருந்து பிறந்த ஒரு வேண்டுகோளையும் தங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு 67 வயது. 1994 ஏப்ரலில் பொருள் சேவை வரி 3 விழுக்காட்டில் அறிமுகமானபோது என் கணவர் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி வந்தார். புதிய வரி நம் வீட்டில் எவ்வளவு எடுக்கிறது என்று ஓராண்டு எழுதிப் பார்ப்போம் என்றார். அந்த ஓராண்டு இன்றுவரை முடியவில்லை. அவர் காலமான பிறகும் நான் எழுதுகிறேன். வரி 2007ல் 7 விழுக்காடானது, 2023ல் 8, 2024ல் 9 ஆனது எல்லாம் அந்த நோட்டுகளின் ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கின்றன.

தோழியரின் கேள்விக்கு வருகிறேன். பணவீக்கம் 2022ல் 6.1 விழுக்காடு, 2023ல் 4.8, 2024ல் 2.4 என்று புள்ளிவிவரத் துறை அறிவித்தது. 6.1 என்பது 2.4 ஆனதைக் கேட்டவுடன் விலை இறங்கிவிட்டது என்றே மனம் எண்ணுகிறது. உண்மையில் இறங்கியது ஏறும் வேகம்தான். மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால், 2021ல் 100 வெள்ளிக்கு, அதாவது 100 சிங்கப்பூர் டாலருக்கு, வாங்கிய பொருள்களுக்கு 2024ல் ஏறக்குறைய 114 வெள்ளி வேண்டும். அதற்குப் பிறகு வேகம் மேலும் தணிந்தது உண்மை. ஆனால் அந்த 14 வெள்ளியை யாரும் நமக்குத் திருப்பித் தரவில்லை. கூடிய தொகை கூடியபடியே நிற்கிறது, அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது.

இதுவும் சராசரிக் கணக்கு. அதில் கார் விலையும் வீட்டு வாடகையும் சேர்ந்திருக்கின்றன. அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீட்டுக் கடனைக் கட்டி முடித்து, பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் போய்வரும் என் போன்றவளின் செலவில் பெரும்பங்கு சமையலறைக்கும் மருந்துக்கும்தான். வருமானம் குறைந்த 20 விழுக்காட்டுக் குடும்பங்களின் விலை உயர்வைப் புள்ளிவிவரத் துறை தனியாகவே வெளியிடுகிறது. நம் பத்திரிகைகளில் அதற்குச் சராசரிக்குக் கிடைக்கும் இடம் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

அரிசியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் இந்தியா புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி விதித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்திருந்தது. செய்தி வந்த வாரமே லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் மக்கள் இரண்டு மூன்று மூட்டைகளாக வாங்கிச் சென்றதை நான் பார்த்தேன். என் நோட்டின்படி, நான் வழக்கமாக வாங்கும் ஐந்து கிலோ பொன்னி புழுங்கலரிசி 2023 ஜூனில் 11 வெள்ளி, அந்த ஆண்டு தீபாவளிக்கு 13 வெள்ளி 50 காசு. 2024 செப்டம்பரில் இந்தியா அந்த வரியைப் பாதியாக்கியது, அக்டோபரில் முற்றிலும் நீக்கியது. அடுத்த பொங்கலுக்கு நான் கொடுத்தது 13 வெள்ளி. இரண்டரை வெள்ளி ஏறிய விலை ஐம்பது காசு இறங்கி நின்றுவிட்டது.

கடைக்காரரைக் கேட்டேன். பல ஆண்டுப் பழக்கம், என்னை அக்கா என்றுதான் அழைப்பார். "அக்கா, அரிசிக்கு வரி போய்விட்டது. என் கடை வாடகை போகவில்லையே. ஆள் சம்பளம், மின்கட்டணம், லாரி வாடகை எல்லாம் ஏறித்தான் இருக்கிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுகிறவரைக் கொள்ளையடிக்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒரு காரணம் சொல்லி ஏறிய விலை, அந்தக் காரணம் போன பிறகு வேறு காரணங்களைப் பிடித்துக்கொண்டு மேலேயே நிற்பது என் நோட்டில் கண்ணெதிரே தெரிகிறது. வெங்காயம் அப்படியில்லை. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தபோது ஏறியது, பிறகு இறங்கவும் செய்தது. காய்கறிக்குப் போட்டி உண்டு, நாளை அழுகிவிடும் என்ற அச்சமும் உண்டு. மூட்டை அரிசிக்கும் உணவங்காடித் தோசைக்கும் அந்த அச்சம் இல்லை.

சில பொருள்களில் விலை மாறவே இல்லை, அளவு மாறியிருக்கிறது. நான் வாங்கிவந்த மல்லித்தூள் பொட்டலம் 250 கிராமாக இருந்தது. ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் 200 கிராம் என்றிருந்தது. பொட்டலத்தின் நிறமும் உயரமும் பழையபடிதான், விலையும் பழையதே. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 25 விழுக்காடு ஏற்றம். முன்பெல்லாம் காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவார்கள். இன்று அதற்கும் தனிக் காசு. அதை நான் குறை சொல்லவில்லை, கறிவேப்பிலையும் விமானத்திலோ லாரியிலோதான் வருகிறது. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருவது.

அதனால்தான் நம் நாணய ஆணையம் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு வெள்ளியின் மாற்று மதிப்பைக் கொண்டு விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. மற்ற நாணயங்களுக்கு எதிரே வெள்ளி வலுவாக இருந்தால், வெளியிலிருந்து வரும் பொருள் நமக்கு மலிவாகும். 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஐந்து முறை அந்தப் பிடியை இறுக்கியது. அதைச் செய்யாதிருந்தால் நம் நிலை இன்னும் கடினமாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். 2015ல் ஒரு வெள்ளிக்கு 47 ரூபாய் அளவில் கிடைத்தது, இப்போது 65 ரூபாய்க்கும் மேல். தஞ்சாவூரிலிருக்கும் என் நாத்தனார், "உங்கள் வெள்ளிக்கு என்ன குறை அண்ணி" என்கிறார். ஊருக்கு அனுப்பும்போது கனக்கிற அதே வெள்ளி தேக்காவில் கொடுக்கும்போது இலேசாகிவிடுகிறது என்பதை அவருக்குத் தொலைபேசியில் விளக்க முடியவில்லை.

என் தலைமுறையினருக்கு இது வெறும் புலம்பல் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியின் ஆயுள்காலத் தொகைத் திட்டத்தில் சேர்ந்தபோது நான் வழக்கமான திட்டத்தையே தேர்ந்தெடுத்தேன். மாதந்தோறும் ஒரே தொகை. ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடும் இன்னொரு திட்டமும் இருந்தது. அதில் தொடக்கத் தொகை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு என்றதும் கையெழுத்திடத் தயங்கினேன். அது தவறான முடிவு என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், எத்தனை ஆண்டு வாழ்வோம் என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று என் நோட்டை எடுத்துப் பத்தாண்டு அரிசி விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்க வேண்டும். 65 வயதை நெருங்கும் தமிழர்களுக்கு அவர்களின் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதை விளக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசாங்கத்தின் உதவியை மறக்கவில்லை. 2025ல் கடையில் பணம்போல் கொடுக்கக்கூடிய சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் 300 வெள்ளியும் 500 வெள்ளியும் வந்தன, 60 வயதைக் கடந்தவர்களுக்கு நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டிய எஸ்ஜி60 பற்றுச்சீட்டாக 800 வெள்ளியும் வந்தது. என் சமையலறைக்கு அது பெரிய துணை. பற்றுச்சீட்டு தீர்ந்த பிறகும் விலை அங்கேயே இருக்கும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் வேண்டுகோள் இதுதான். தங்கத்தின் விலையைத் தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனையோ ஆண்டுகளாக அச்சிட்டு வருகின்றன. அதுபோல வாரம் ஒருமுறை, உளுந்து, துவரம்பருப்பு, புழுங்கலரிசி, நல்லெண்ணெய், தேங்காய், புளி, மிளகாய், சின்ன வெங்காயம் என்று நம் வீடுகளில் தீராமல் இருக்க வேண்டிய இருபது பொருள்களின் விலையை அச்சிடுங்கள். பொட்டலத்துக்கு எவ்வளவு என்று போட வேண்டாம், கிலோவுக்கு எவ்வளவு என்று போடுங்கள். பக்கத்திலேயே சென்ற ஆண்டு இதே வாரத்து விலையும் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் பெரிய பேரங்காடிகள் கிலோவுக்கு இவ்வளவு என்பது போன்ற விலையைக் காட்ட வேண்டும் என்று 2009லேயே கட்டாயமாக்கினார்கள். இங்கும் பயனீட்டாளர் சங்கமான கேஸ் 2019ல் விலை ஒப்பிடும் கைப்பேசிச் செயலி ஒன்றை அறிமுகப்படுத்தியது, நல்ல முயற்சி. ஆனால் என் தோழியர் பலருக்குக் கைப்பேசியின் எழுத்து கண்ணில் படுவதில்லை, பத்திரிகையின் எழுத்துப் படுகிறது. அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். இந்தியாவில் வரி நீங்கி மூன்று மாதமாகியும் விலை இறங்கவில்லை என்றால் பட்டியலைக் காட்டிக் கேட்பார்கள். நியாயமாக விற்கும் கடைக்காரருக்கும் அது நல்லதுதான், கூட்டம் அவரிடம் போகும்.

செய்தியாளருக்கு நேரமில்லை என்றால் நான் உதவத் தயார். ஞாயிறுதோறும் காலை ஏழரை மணிக்கு நான் தேக்கா சந்தையில் இருப்பேன், புதன்கிழமை ஈசூனில் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போவேன். இருபது பொருள்களின் விலையையும் எழுதி அன்று மாலையே அனுப்பிவிடுகிறேன். பழைய விலை வேண்டுமென்றால் 1994லிருந்து எல்லா நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈசூன்