எழுத்து வேற

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு எழுதப்போகிறாள் என்று படித்த பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு, 60 முடிகிறது. இந்த நேரத்திலா இப்படி ஒரு சேதி வரவேண்டும்!

உன்னிடம் ஐந்து வருஷத்துக்கு மேல் ஜூனியராக இருந்துவிட்டாள், தேர்வைப் பற்றிக் கவலையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவை. செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கிறது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறிவிடுவார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டிஎன்பிஎஸ்சி எழுதி உதவி அரசு வழக்கறிஞராக வந்த எங்களுக்கு அந்தப் பயம் கிடையாது. காவல்துறையின் பிடியிலிருந்து எங்களை விலக்கித் தனித் துறை ஆக்கச் சொல்லி 1995-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். அது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்கு ஒரு குத்துவிளக்குதான் காட்டியது.

பூட்டிக் கிடந்த வீட்டில் திருட்டு. பிள்ளைகள் சிங்கப்பூரில், ஆச்சி சென்னையில். இரண்டாங்கட்டு அறையிலிருந்த வெள்ளி, பித்தளைச் சாமான் அத்தனையும் போய்விட்டது. கூண்டில் இருபது வயசுப் பையன். அவனிடம் கைப்பற்றியதாகச் சொல்லிச் சான்றுப்பொருளாக வைத்திருந்த விளக்கை ஆச்சியிடம் காட்டினேன். நம் பக்கம் சீர்ச் சாமானில் பெயர் வெட்டுவோமே, முந்தானையால் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். "இது எங்க வீட்டுச் சாமான் இல்லைங்க. எழுத்து வேற."

பின்னாலிருந்து காவலர், "ஹாஸ்டைல் போடுங்க சார்" என்றார். நான் விளக்கை வாங்கிப் பார்த்தேன். ஆச்சி சொன்னதுதான் சரி. பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதிய மகஜரில் ஸ்டேஷனில் வைத்தே கையெழுத்துப் போட்டதாக முந்தின வாய்தாவில் ஒரு சாட்சி சொல்லியிருந்தார். உண்மை பேசும் கிழவியைப் பிறழ் சாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பக்கச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி தரும் சாட்சியச் சட்டம் 154-ஐக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். (இப்போது அது 157. ஜூலை 2024-இல் புதுச் சாட்சியச் சட்டம் வந்தும் என் வாயில் பழைய எண்தான் வருகிறது.) பையன் விடுதலையானான். மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல என்று கருத்தும் எழுதிக் கொடுத்தேன். பல மாதம் அந்த ஸ்டேஷனில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுகூடப் பெரிதாய்த் தெரியவில்லை. ஆச்சியின் சாமான் கடைசிவரை கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. புலனாய்வு ஒழுங்காக நடந்திருந்தால் அந்த அம்மா வெறுங்கையோடு ரயிலேறியிருக்க மாட்டார். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகுமுன் அரசு வழக்கறிஞரிடம் பார்வைக்கு வரும்போதே ஓட்டையைச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல் அவளை. அன்று நான் அவசரத்தில் படித்தேன்.

ஆடி பிறப்பதற்குள் அவளை அனுப்பு. தேவகோட்டை கோர்ட்டுக்கும் கூட்டிப்போகிறேன். 1942-இல் ஜனங்கள் கோர்ட்டுக்குத் தீ வைத்த ஊர் அல்லவா, அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். அவள் வருகிறாள் என்றதும் வீட்டில் கவுனி அரிசி வாங்கி வைத்தாயிற்று.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்