பிஸ்டோரியஸ் பற்றி ராமநாதனுக்கு

அன்புள்ள ராமநாதனுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் மூட்டுவலி குறைந்திருப்பதும், மகள் சட்டப் படிப்பை முடித்து ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்திருப்பதும் மனதுக்கு நிறைவாக இருந்தன. இங்கே வீட்டில் அனைவரும் சௌக்கியம். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு மறுபடியும் நிதானமாகப் படிக்க முடிகிறது. ஆகவே உன் கேள்விக்கு நினைவிலிருந்து பதில் எழுதாமல், பழைய செய்திகளையும் தீர்ப்புகளையும் எடுத்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

உன்னிடம் மாலைநேரப் பயிற்சிக்கு வரும் பையன், விபத்தில் ஒரு காலை இழந்தவன், கைபேசியில் செயற்கைக்கால்களோடு ஓடிய தென்னாப்பிரிக்க வீரர் ஆஸ்கார் பிஸ்டோரியஸின் ஓட்டக் காட்சியைக் காட்டி, “இவரைப் போல ஓட வேண்டும் சார்” என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பிறகு தன் காதலியைச் சுட்டுக் கொன்ற மீதிக் கதையை அவனிடம் சொல்வதா, ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்வதா என்பது உன் தவிப்பு. நான் சின்ன வயதிலிருந்தே போலியோக் காலில், அதைத் தாங்கும் காலிப்பர் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பவன் என்பதால் என்னைக் கேட்டாய் என்று புரிந்துகொண்டேன். அதில் வருத்தம் ஏதுமில்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருப்பதும் அந்தக் காலோடு தொடர்புள்ளதுதான்.

முதலில் அந்த ஓட்டத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிஸ்டோரியஸ் 1986 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தபோது இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு இல்லை. பதினோரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே அகற்றிவிட்டார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அண்ணனிடம் ஷூவை மாட்டிக்கொள் என்றும், தன்னிடம் காலை மாட்டிக்கொள் என்றும் ஒரே குரலில் அம்மா சொல்வார் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் 2002இல், மகனுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது இறந்துபோனார். பள்ளியில் ரக்பி ஆடி முழங்காலில் அடிபட்டு, அதைச் சரிசெய்வதற்கான பயிற்சியாகத்தான் 2004இன் தொடக்கத்தில் ஓடத் தொடங்கினார். அதே ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கம் வாங்கிவிட்டார். 2008இல் பெய்ஜிங்கில் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம்.

ஆனால் எனக்கு இந்தப் பதக்கங்களைவிட முக்கியமாகப் படுவது 2008 மே மாதத்தில் வந்த ஒரு தீர்ப்பு. அவர் செயற்கைக்கால்களாக அணிந்து ஓடிய கார்பன் ஃபைபர் பிளேடுகள் ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று செய்தவை. அவை வில்போல் வளைந்து தரையை உந்துவதால் சாதாரணக் கால்களோடு ஓடுபவரைவிட அவருக்குக் கூடுதல் வசதி கிடைக்கிறது என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனம் கருதியது. ஜெர்மனியின் கொலோன் நகரில் அவரைச் சோதித்த ஆய்வாளர்கள், அதே வேகத்தில் ஓட அவர் சுமார் 25 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவிடுகிறார் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2008 ஜனவரியில் தடை வந்தது. பிஸ்டோரியஸ் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். பிளேடால் கிடைக்கும் நன்மையை மட்டும் எண்ணிவிட்டு, புறப்படும்போது ஏற்படும் தாமதம் போன்ற பாதகங்களைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு மொத்தத்தில் அனுகூலம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அந்த நீதிமன்றம் தடையை நீக்கியது.

அன்று அவர் வைத்த வழக்கின் சாரம் மிக எளிது: என்னை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்க வையுங்கள், அதே கடிகாரத்தால் அளவிடுங்கள், தோற்றால் தோற்றுப்போகிறேன். சலுகை வேண்டாம், அனுதாபம் வேண்டாம், ஒதுக்கிவைக்கவும் வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாக, உலகமே பார்க்க, ஒருவர் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தேவையான நேரத்தை எட்ட முடியாமல் போனபோதும் அவர் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. 2011இல் இத்தாலியில் 400 மீட்டரை 45.07 வினாடியில் ஓடினார். 2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில், இரு கால்களும் இல்லாத ஒருவர் தடகளத்தில் முதன்முறையாக ஓடி, தகுதிச்சுற்றில் இரண்டாவதாக வந்தார். அரையிறுதியில் கடைசியாக வந்தார். ஆனால் அந்த ஓட்டம் முடிந்தவுடன், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ் அவரிடம் வந்து, இருவரும் மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின. அதை இன்றும் மறுக்க மாட்டேன். அந்தப் பையன் பார்த்துப் பரவசப்பட்டதும் இதையாகத்தான் இருக்கும்.

இனி எழுதுவது கசப்பானது. அந்தப் புகழ் வெளிச்சத்தில், கண்ணுக்கு முன்னால் கிடந்த பல அறிகுறிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் துப்பாக்கிகள் மீது அதீத மோகம் இருந்தது. 2012 நவம்பரில், வீட்டில் துணி துவைக்கும் எந்திரத்தின் சத்தத்தைத் திருடன் என்று நினைத்துப் போருக்குப் போவதுபோலத் தயாரானதாக அவரே ட்விட்டரில் வேடிக்கையாக எழுதினார். 2013 ஜனவரியில், ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்கள் நிறைந்த ஓர் உணவகத்தில், மேசைக்கு அடியில் நண்பர் ஒருவரின் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தபோது அது வெடித்தது. பழியை ஏற்றுக்கொள்ளும்படி அந்த நண்பரையே அவர் கேட்டுக்கொண்டார் என்று பிறகு நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. சாதாரண இளைஞன் ஒருவன் இப்படி நடந்துகொண்டால் கண்டிக்க நான்கு பேர் இருந்திருப்பார்கள். இவரை எல்லோரும் அதிசயமாகவே பார்த்துப் பழகியிருந்தார்கள். ‘தோட்டா அறையிலிருக்கும் குண்டு நான்’ என்ற பொருளில் ஒரு காலணி நிறுவனம் அவரை வைத்து விளம்பரமே செய்திருந்தது. கொலைச் செய்தி வந்ததும் அதை அவசரமாக எடுத்துவிட்டார்கள்.

2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் காவலர்களும் மதில்களும் சூழ்ந்த குடியிருப்பொன்றில் இருந்த அவருடைய வீட்டில், உள்ளே தாழிட்டிருந்த கழிவறைக் கதவின் வழியாக 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியால் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். வயது 29. போர்ட் எலிசபெத் நகரில் வளர்ந்தவர், சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர், விளம்பர மாடலாகத் தொழில் செய்தவர். அன்றைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பள்ளி மாணவர்களிடம் பேசவும் ஒத்துக்கொண்டிருந்தார். இருவரும் பழகத் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. கொலைக்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு முன்பு ரீவா வாட்ஸ்அப்பில் பிஸ்டோரியஸுக்கு அனுப்பிய செய்தி ஒன்றில், சில சமயம் உன்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது, நீ என்மீது எரிந்து விழுவது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ராமநாதா, உனக்கும் எனக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு எனக்கு அன்று வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.

வழக்கு 2014 மார்ச்சில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறை கிடையாது. இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு நீதிபதி தோகோசிலே மசிபாவே விசாரித்தார். சொவெட்டோவில் பிறந்து, செய்தியாளராக வேலை பார்த்து, பிறகு சட்டம் படித்து நீதிபதியானவர் அவர். குண்டு துளைத்த அந்தக் கதவையே பெயர்த்துக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுட்ட பிறகு கிரிக்கெட் மட்டையால் அதை உடைத்துத் திறந்ததன் பிளவும், நான்கு துளைகளும் அதில் தெரிந்தன. குளியலறைச் சன்னல் வழியாகத் திருடன் நுழைந்துவிட்டான் என்று நினைத்தேன், ரீவா படுக்கையில்தான் இருக்கிறாள் என்று நம்பினேன், செயற்கைக்கால் மாட்டாமல் வெறும் குறைக்கால்களில் நின்றதால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற பயத்தில் சுட்டுவிட்டேன் என்பது அவருடைய வாக்குமூலம். பெண்ணின் அலறல் கேட்டதாக அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னார்கள். அது பிஸ்டோரியஸே போட்ட கூச்சல் என்றது அவருடைய தரப்பு. செப்டம்பரில் மசிபா, கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமே நிரூபணமாகிறது என்று தீர்ப்பளித்து, அக்டோபரில் ஐந்து ஆண்டுத் தண்டனை விதித்தார். ஓராண்டு கழித்து அவரை வீட்டுக்காவலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கால் இல்லாதவனின் பயம் பொய் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இரவில் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது, கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நீதிமன்றம் அந்தப் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது சரிதான். ஆனால் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி வைத்திருப்பவனை எதிர்க்க முடியாதவன் என்று எப்படிச் சொல்வது? அவர் படுக்கையறையில் ஒளிந்திருக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த இடத்தை நோக்கித் தானே நடந்து போனார்.

2015 டிசம்பர் 3 அன்று புளூம்ஃபான்டைன் நகரிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நீதிபதி எரிக் லீச் எழுதிய அந்தத் தீர்ப்பு எனக்கு மிகத் தெளிவாகப் பட்டது. கதவுக்குப் பின்னால் இருந்தது ரீவாவா திருடனா என்பது இங்கே கேள்வியே இல்லை, ஒரு மனிதர் இருந்தார் என்பது அவருக்குத் தெரியும், ஒருவர் திரும்பி நிற்கக்கூட இடமில்லாத அந்தச் சின்ன அறைக்குள் நான்கு தோட்டாக்களைச் செலுத்தினால் உயிர் போகும் என்பதும் தெரியும், தெரிந்தும் சுட்டார், ஆகவே இது கொலை என்று அத்தீர்ப்பு சொன்னது. திருடனே உள்ளே இருந்திருந்தாலும் அதுவும் ஓர் உயிர்தான் என்று ஒரு நீதிமன்றம் இவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு 2016 ஜூனில் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. தண்டனையைத் தீர்மானிக்கும் விசாரணையில், அவருடைய வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பிஸ்டோரியஸ் செயற்கைக்கால்களைக் கழற்றிவிட்டு, மேசையைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டு, குறைக்கால்களில் நீதிபதியின் முன்னால் நடந்து காட்டினார். 2008இல் என்னை மற்றவர்களைப் போலவே அளவிடுங்கள் என்று வாதாடி வென்ற அதே மனிதர், என்னை மற்றவர்களைப் போல அளவிடாதீர்கள் என்று மன்றாட வேண்டிய இடத்துக்கு வந்து நின்றார். ஜூலையில் மசிபா ஆறு ஆண்டு மட்டுமே கொடுத்தார். கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனை பதினைந்து ஆண்டு. அரசுத் தரப்பு மறுபடி மேல்முறையீட்டுக்குப் போக, 2017 நவம்பரில், அந்த ஆறு ஆண்டு அதிர்ச்சியளிக்கும் அளவுக்குக் குறைவு என்று கூறி, ஏற்கெனவே கழித்த காலம் போக 13 ஆண்டு 5 மாதமாக அதை உயர்த்தினார்கள். என்னைக் கேட்டால், 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் ஒரே கொள்கையின்மேல் நிற்பவை. ஓடுவதற்குச் சமம் என்றால் பொறுப்பேற்பதற்கும் சமம்தான். நம்மைப் போன்றவர்கள் இரண்டாவதை மறுத்துவிட்டு முதலாவதைக் கேட்க முடியாது.

ஆகவே பையனுக்கு அந்த ஓட்டத்தைத் தாராளமாகக் காட்டு. புறப்படும் விதம், வளைவில் உடம்பைச் சாய்க்கும் விதம், கடைசி நூறு மீட்டரில் தோள் இறுகாமல் ஓடும் விதம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளட்டும். மீதியையும் நீயே சொல்லிவிடு. கைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு இன்றில்லாவிட்டால் நாளை அது தெரிந்துவிடும், அப்போது நீ மறைத்ததுதான் அவன் மனதில் நிற்கும். சொல்லும்போது ரீவா என்ற பெயரையும் சொல். பல செய்திகளில் அந்தப் பெண்ணைப் பிஸ்டோரியஸின் காதலி என்று மட்டுமே எழுதி முடித்துவிட்டார்கள். அவருடைய தந்தை பாரி, 2016இல் சாட்சிக் கூண்டில் நின்று, மகள் எவ்வளவு வலியை அனுபவித்திருப்பாள் என்று உணர்வதற்காகத் தன் சர்க்கரை நோய் ஊசியைத் தன் வயிற்றிலும் கையிலும் குத்திக்கொண்டதாகச் சொன்னார். பிறகு 2022இல் அதே தந்தை, தன் மகளைக் கொன்றவரை நேருக்கு நேர் சந்தித்துப் பேசினார். 2023 செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

பிஸ்டோரியஸ் ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் சிறையிலிருந்துவிட்டு, 2024 ஜனவரி 5 அன்று பரோலில் வெளியே வந்தார். 2029 டிசம்பர் வரை கண்காணிப்பு உண்டு. மது அருந்தக்கூடாது, ஊடகங்களுக்குப் பேட்டி கொடுக்கக்கூடாது, கோபத்தைக் கட்டுப்படுத்தவும் பெண்கள்மீதான வன்முறை குறித்தும் நடக்கும் வகுப்புகளுக்குப் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். சட்டப்படி அவருக்கு உரிய பரோலை நான் ஆட்சேபிக்கவில்லை. ரீவாவின் தாய் ஜூனும் அதை எதிர்க்கவில்லை. ஆயுள் தண்டனை அனுபவிப்பது உயிரோடு எஞ்சியிருக்கும் நாங்கள்தான் என்று மட்டும் அன்றைய அறிக்கையில் சொன்னார். மகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, பெண்கள்மீதான வன்முறைக்கு எதிராக அவர் வேலை செய்துவருகிறார்.

2015ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மகளிடம் கொடு. முன்னறிந்தும் பொருட்படுத்தாமல் செய்யும் கொலையைப் பற்றிய பகுதியை நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டு அவள் என்ன நினைக்கிறாள் என்று எழுதச் சொல், எனக்கு அதில் சில சந்தேகங்கள் உண்டு. தை பிறந்ததும் அந்தப் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன். அதற்குள் பையனிடம் பேசியிருந்தால் அவன் என்ன கேட்டான் என்பதையும் எழுது.

அன்புடன்,
கணேசன்