ரா ஃபைலா, ஜேபெக்கா?

அன்பு நண்பா,

புது கேமரா வாங்கிய கையோடு, படங்களை ரா ஃபைலாக எடுப்பதா ஜேபெக்காக எடுப்பதா என்று நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூத்தவளுக்குத் தேர்வு, வீடே தலைகீழாகக் கிடந்தது.

ராவில், அதாவது கேமராவின் சென்சார் அளந்த வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், எடுப்பவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று உனக்குத்தான் தெரியுமே. போன மாதத்தோடு வாயை மூடிக்கொண்டேன். சின்னவள் ஜன்னலோரம் நின்று வெளியே எட்டிப் பார்க்கிறாள், அருமையான பகல் வெளிச்சம், கேமராவோ முந்தின இரவு பல்பு வெளிச்சத்துக்காக வைத்த ஒயிட் பேலன்ஸிலேயே (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இருக்கிறது. முகமெல்லாம் நீலம்! கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் மஞ்சளைக் கூட்டக் கூட்ட கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் பிரிந்தது, பின்னாலிருந்த சுவர் பட்டை பட்டையாக உடைந்தது. நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று அன்று இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வைத்திருந்தேன். ராவில் ஒரே ஸ்லைடர், வேலை முடிந்தது.

ஏனென்றால் ராவில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான், சென்சார் அளந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. ஜேபெக்கில் நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, 14 பிட்டில் 16,384 படிகளாக இருந்ததை 8 பிட்டுக்கு, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குச் சுருக்கி, பிறகு 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

அதற்காக ரா மந்திரம் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வெளுத்துப்போன மேகம் போனதுதான், ஃபோகஸ் தப்பினாலும் அப்படியே. ஆனால் கேமரா திரையில் வரும் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், பெரும்பாலும் ஜேபெக்கை வைத்துக் காட்டுவது, அதனால் அது வெளுத்துவிட்டது என்று பயமுறுத்தும்போதும் ராவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஓடியாடும் பிள்ளைகளைப் படபடவென்று எடுக்க ஜேபெக்கே போதும், ராவில், கார்டில் எழுதும்வரை படங்களைத் தேக்கி வைக்கும் பஃபர் சீக்கிரம் நிரம்பி கேமரா திணறும். ஒன்று மட்டும் செய், ஜேபெக்கைத் திருத்துவதானால் நகலில் திருத்து, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் மறுபடி நசுக்கும்.

அந்த நீல முகத்தின் இரண்டு ஃபைல்களையும் அனுப்புகிறேன், நீயே இழுத்துப் பார். அப்புறம், முதுகுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.