மாப்ளைக்கு, ஜான் ஹர்ட் பற்றி

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இத்தனை மாதம் இழுத்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் ப்ளஸ் டூ. பெரியப்பா அதே பெரியப்பாதான், மாற்றமே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட், கிடார் வாசித்துப் பாடிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். கொஞ்ச நாளாக இவரைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ப்ளூஸ் என்கிற அந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை என்றாலே அழுமூஞ்சிப் பாட்டு என்பாய், தெரியும், முதலில் இவரைக் கேள். மிசிசிப்பி மாநிலம் கரோல் கவுண்டியில் அவலான் என்று ஒரு குக்கிராமம், டெல்டா சமவெளி முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிற இடம். அந்த டெல்டா ப்ளூஸ் பாடகர்களின் ஆவேசம் இவரிடம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டால் போதும் என்கிற குரல். ஆனால் கையைக் கவனி! கட்டைவிரல் செக்குமாடு மாதிரி நிற்காமல் தடித்த கம்பிகளில் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு மேலே மற்ற விரல்கள் தாளத்துக்குக் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் மெட்டை வாசிக்கும். ரெண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நீ சத்தியம் செய்வாய். இதெல்லாம் யாரிடமும் பாடம் கேட்காமல் சிறுவயதில் தானாகக் கற்றுக்கொண்டது.

அதே பக்கத்து வெள்ளைக்கார ஃபிடில்காரர் வில்லி நார்மர், சில சமயம் இவரோடு சேர்ந்து வாசித்தவர், ஓகே ரெக்கார்ட் கம்பெனிக்கு இவர் பெயரைச் சொன்னார். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் எட்டுப் பாட்டு பதிவானது. வெளியே வந்தது இரண்டே இரண்டு, ஒரு தட்டின் ரெண்டு பக்கம். மீதி ஆறு போனது போனதுதான். எனக்கு வயிறு எரிகிறது மாப்ளே. டிசம்பரில் நியூயார்க்கில் மறுபடி பதிவு, அடுத்த வருடம் பொருளாதாரமே சரிந்தது, அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மனுஷன் விளைச்சலில் நிலக்காரருக்குப் பங்கு கொடுக்கிற வாரச் சாகுபடிக்கே திரும்பிவிட்டார்.

1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ப்ளூஸ் பிரிய இளைஞர், பழைய தட்டில் 'அவலான் என் சொந்த ஊர்' என்று இவர் பாடியதைத் துப்பாக வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடிப் போய்ப் பார்த்தால் ஆள் அங்கேயே இருக்கிறார்! அரசாங்க ஆள்தான் விசாரிக்க வந்திருக்கிறான் என்று முதலில் பயந்துபோனாராம். கையில் சொந்தமாக ஒரு கிடார்கூட இல்லை. அந்தக் கோடையிலேயே நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடை, பிறகு காஃபி கடைகள், கல்லூரிகள், எல்பி தட்டுகள். 1966 நவம்பரில் இறந்துவிட்டார். மொத்தம் மூன்று வருடப் புகழ்.

எல்லாரும் இதை 'தொலைந்துபோன கலைஞர் கிடைத்தார்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எங்கே தொலைந்தார்? உழுதார், மாடு மேய்த்தார், ஊர் ஜனம் ஆடுவதற்கு வாசித்தார். 1963-ல் அவர் வாசித்ததையும் 1928 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார், அந்தக் கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கம்பெனி ஞாபகம் வைத்திருக்கவில்லை, விரல் வைத்திருந்தது. நடுவில் இருந்த அந்த வருடங்கள்தான் அவருடைய இசை வாழ்க்கையில் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன், புதிதாக ஒரு பாட்டுகூட தட்டுக்காகப் பதிவாகாத வருடங்கள்.

இதை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் தெரியுமா? கிடாரை விற்கப் போகிறாய் என்று உன் தம்பி சொன்னான். கேட்க ஆள் இல்லாமல் யாருக்காக வாசிக்க என்று கேட்டாயாம். நீ அப்படிப் பேசியது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பணமுடை என்றால் என்னிடம் சொல், பார்த்துக்கொள்ளலாம். அது காரணம் இல்லையென்றால் விற்காதே. தீபாவளிக்கு வரும்போது புதுக் கம்பி செட் வாங்கிவருகிறேன், எந்த கேஜ், அதாவது எந்தத் தடிமன், வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பங்காளி